சிந்துவெளி எழுத்தாய்வில் தொடரடைவும் தரவுக்காட்சியும்: அச்சிலிருந்து இணையம் வரை

முன்னுரை

சான்றுகளைத் திரட்டி, எண்ணி, வரிசைப்படுத்தி, பிற ஆய்வாளர்களும் கையாளும் வகையில் வழங்குவது ஆய்வின் அடிப்படைப் பணியாகும். தமிழியல் ஆய்வில் சொல்லடைவுகளும் தொடரடைவுகளும் இப்பணியை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளன. இன்று இணையத் தரவுத்தளங்களும், எண்களை வரைபடமாகவும் நிலப்படமாகவும் மாற்றிக் காட்டும் கருவிகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. ஆய்வு முடிவுகள் விரைந்து பரவ இவை பெரிதும் துணைபுரிகின்றன. எனினும், வரைபடத்தைக் காண்பவர் அது எத்தரவிலிருந்து உருவானது, அத்தரவில் எவை சேர்க்கப்பட்டன, எவை நீக்கப்பட்டன என்பவற்றைப் படத்தில் காண இயலாது.

இச்சிக்கலைத் தெளிவாக உணர்த்தவல்ல துறை சிந்துவெளி எழுத்தாய்வு. படிக்கத் தெரிந்த மொழியில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்துவிட்டால், பொருள் அத்தவற்றைக் காட்டிக்கொடுக்கும். இதுவரை எல்லோரும் ஏற்கத்தக்க வகையில் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்தில் அத்தகைய காப்பு இல்லை. குறிகளின் எண்ணிக்கை, அவை வரும் இடம், அவற்றின் அண்டைக் குறிகள் ஆகியவையே அங்குச் சான்றாகின்றன. எனவே, அட்டவணை பிழைபட்டால் ஆய்வு முழுவதும் பிழைபடும். இவ்வெழுத்தாய்வில் தொடரடைவு உருவான வரலாற்றையும், அது கணிப்பொறி வழியாக வரைபடமாகவும் இணையத் தரவாகவும் மாறிய நிலைகளையும், அம்மாற்றம் தமிழாய்வாளர்களுக்கு உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படியெடுப்பும் குறிப்பட்டியலும்

அரப்பாவில் கிடைத்த முத்திரை ஒன்றின் படத்தை அலெக்சாண்டர் கன்னிங்காம் 1875-இல் வெளியிட்டார். அம்முத்திரை எந்த நாகரிகத்தைச் சார்ந்தது என்பது அரை நூற்றாண்டு கழித்தே விளங்கியது. 1924 செப்டம்பர் 20-ஆம் நாள் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை இலண்டன் வார இதழொன்றில் அறிவித்தார். அவர் பதிப்பித்த மொகஞ்சதாரோ அகழாய்வுத் தொகுதிகள் 1931-இல் வெளிவந்தன. முத்திரைகளின் படங்களும் குறிப்பட்டியலும் அவற்றின் வழி ஆய்வாளர் கைக்குக் கிடைத்தன.

1934-இல் வெளிவந்த ஜி.ஆர். ஹண்டரின் நூல் இத்துறையில் ஒரு திருப்பமாகும். அவர் ஒவ்வொரு குறியும் வரும் சூழல்களைத் தனித்தனியே அட்டவணைப்படுத்தினார். ஒரு குறியின் ஒலி இன்னதென்று ஊகிப்பதற்கு முன், அது எங்கெங்கு வருகிறது என்று பார்க்கவேண்டும் என்னும் முறை இதனால் நிலைபெற்றது. கிரேக்க நாட்டு லீனியர் பி எழுத்தின் ஆய்வும் இம்முறையிலேயே வென்றது. ஆலிஸ் கோபரின் அட்டைக் குறிப்புகளும் எம்மெட் பென்னட்டின் குறிப்பட்டியலும் அமைத்த அடித்தளத்தின்மேல்தான் மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் அவ்வெழுத்தைப் படித்தார்.

எழுதப்பட்ட திசையை உறுதிசெய்வதும் தொடரடைவுக்கு இன்றியமையாத முன்தேவை. திசை மாறினால் முதற்குறி இறுதிக்குறியாகிவிடும். காளிபங்கன் பானையோட்டில் ஒரு கீறலின்மேல் மற்றொரு கீறல் படிந்துள்ள முறையைக் கொண்டு, எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வதை பி.பி. லால் 1966-இல் விளக்கினார். முத்திரைகளில் எழுத்து இடவலம் மாற்றிச் செதுக்கப்படுவதால், அவற்றின் பதிவையே படிக்கவேண்டும் என்பதும் ஆய்வாளர் பின்பற்றும் நெறியாயிற்று.

கணிப்பொறித் தொடரடைவுகள்

1960களில் கணிப்பொறி இத்துறைக்குள் நுழைந்தது. யூரி நோரசோவ் தலைமையிலான சோவியத் குழுவினர் 1965-இல் தங்கள் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டனர். சிந்துவெளி எழுத்தின் மொழியமைப்பு திராவிட மொழிகளோடு ஒத்துச்செல்வதாக அவர்கள் கருதினர். பின்லாந்து நாட்டு ஆய்வாளர்களான செப்போ கொஸ்கென்னியெமி, அஸ்கோ பர்ப்போலா, சிமோ பர்ப்போலா ஆகியோர் 1973-இல் கணிப்பொறி வழி உருவாக்கிய தொடரடைவொன்றை வெளியிட்டனர்.

இந்தியாவில் இப்பணியை மேற்கொண்டவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்த அவருக்கு 1970-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறியைக் கொண்டு கே. விசுவநாதனோடு இணைந்து உருவாக்கிய தொடரடைவு பற்றிய கட்டுரை 1973-இல் அச்சேறியது. முழுப்பணி 1977-இல் இந்தியத் தொல்லியல் துறையின் 77-ஆம் நினைவேட்டு வெளியீடாக வந்தது. எழுத்துப் பொறிப்புகள், தொடரடைவு, அட்டவணைகள் என்னும் மூன்று பகுதிகளின் பெயரே நூலின் தலைப்பாகவும் அமைந்தது.

அந்நூல் 2906 பொறிப்புகளில் அமைந்த 3573 வரிகளைத் தொகுத்தது. அவற்றில் 417 தனிக்குறிகள் இனங்காணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. குறிகளின் மொத்த வருகை 13,372. ஒரு குறி எத்தனை முறை வருகிறது, வரியின் முதலில் வருகிறதா, இடையில் வருகிறதா, இறுதியில் வருகிறதா, எவ்வூரில் கிடைத்த பொருளில் வருகிறது, எவ்வகைப் பொருளில் வருகிறது, ஒற்றைக்கொம்பு விலங்கு முதலிய எவ்வுருவத்தோடு சேர்ந்து வருகிறது என்பவற்றை அதன் அட்டவணைகள் காட்டின.

இங்கு ஒரு செய்தி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சிந்துவெளி மொழி திராவிடத்தைச் சார்ந்தது என்பதே மகாதேவனின் கருத்து. 1970-இலேயே திராவிட இணைகளைக் காட்டி அவர் கட்டுரை எழுதியிருந்தார். ஆயினும், தம் தொடரடைவில் அக்கருத்துக்கு அவர் இடமளிக்கவில்லை. குறிகள் எண்களால் மட்டுமே சுட்டப்பட்டன. எந்தக் குறிக்கும் ஒலிமதிப்போ பொருளோ தரப்படவில்லை. ஆகவே, அவருடைய கருத்தை மறுப்போரும் அந்நூலைத் தயக்கமின்றிப் பயன்படுத்த முடிந்தது. சிந்துவெளிக் குறிகள் மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்று 2004-இல் வாதிட்ட ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்டு ஸ்புரோட், மைக்கேல் விட்செல் ஆகியோரும் தங்கள் வாதத்திற்கு அத்தொடரடைவின் எண்களை எடுத்தாண்டனர். எதிர்க்கருத்தினரும் நம்பிக் கையாளத்தக்கதாக இருப்பதே ஒரு தரவுத்தொகுப்பின் தகுதிக்குச் சான்றாகும்.

அட்டவணைகள் காட்டிய உண்மைகள்

மகாதேவன் தொகுப்பில் 342 என்னும் எண் பெற்ற குடவடிவக் குறி 1395 முறை வருகிறது. மொத்த வருகையில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மறுபுறம் 113 குறிகள் ஒரே ஒரு முறை மட்டும் வருகின்றன. ஒரு சில குறிகள் மிகுதியாகவும், பெரும்பாலானவை அருகியும் வரும் இப்பங்கீடு, எண்களாகப் பட்டியலிடப்படும்போது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அதையே வரைபடமாக்கினால், செங்குத்தாக இறங்கிப் பின் நீண்டு செல்லும் கோடு ஒரே பார்வையில் இயல்பை விளக்கிவிடுகிறது.

நிஷா யாதவ், மயங்க் வாஹியா முதலியோர் மகாதேவனுடன் இணைந்து 2008 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையின. அவற்றுள் முதலாவது திருவனந்தபுரத்திலிருந்து வெளிவரும் திராவிட மொழியியல் ஆய்விதழில் வந்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வு, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டது. தொடக்கக் குறிகளில் 80 விழுக்காட்டை 82 குறிகள் நிறைவுசெய்ய, இறுதிக் குறிகளில் 80 விழுக்காட்டை 23 குறிகளே நிறைவுசெய்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்தபோது அவை தெளிவாக விலகி நின்றன. தொடங்கும் முறை விரிந்தும் முடியும் முறை குறுகியும் உள்ளதால், குறிகள் மனம்போன போக்கில் அடுக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்கு ஒழுங்குமுறை உண்டு என்பது புலனாயிற்று. ஐயத்திற்குரிய குறிகளைச் சூழலைக் கொண்டு மீட்டமைப்பதில் அவர்களின் கணித மாதிரி ஏறத்தாழ 75 விழுக்காடு சரியாக அமைந்தது. இந்த ஆய்வு எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இணைய இதழில் வெளிவந்தது.

குறிகளின் எண்ணிக்கையும் ஆய்வாளரின் முடிவும்

மேற்கண்ட எண்கள் அனைத்தும், எது ஒரு குறி, எது மற்றொன்றின் வேறுபட்ட வடிவம் என்னும் முடிவைச் சார்ந்தவை. மீன் வடிவக் குறியையும், அதன்மேல் கூரை போன்ற கோடு இடப்பட்ட குறியையும் ஒன்றெனக் கொள்வதா, இரண்டெனக் கொள்வதா என்பதைத் தரவு தானாகச் சொல்வதில்லை. அதை ஆய்வாளரே முடிவுசெய்கிறார். மகாதேவன் 417 குறிகளைக் கண்டார். அஸ்கோ பர்ப்போலா 1994-இல் வெளியிட்ட பட்டியலில் 386 குறிகள் உள்ளன. பிரையன் வெல்ஸ் 600-க்கும் மேற்பட்ட குறிகளைப் பிரித்துக் காண்கிறார். கூட்டுக்குறிகளை உறுப்புகளாகப் பகுத்த எஸ்.ஆர். ராவ் 1982-இல் 62 அடிப்படைக் குறிகளே உள்ளன என்றார்.

இவ்வேறுபாடு சிறியதன்று. முப்பது, நாற்பது குறிகளைக் கொண்ட எழுத்து ஒலியன்களைக் குறிப்பதாகவும், நூற்றுக்குக் கீழ்ப்பட்ட குறிகளைக் கொண்டது அசைகளைக் குறிப்பதாகவும், சில நூறு குறிகளைக் கொண்டது சொல்லையும் அசையையும் கலந்து குறிப்பதாகவும் இருப்பது உலக எழுத்துமுறைகளில் பொதுவாகக் காணப்படும் இயல்பு. எனவே, பட்டியலின் நீளமே எழுத்தின் வகையைத் தீர்மானித்துவிடுகிறது. 62 என்று தொடங்குபவர் அசையெழுத்தை நோக்கியும், 417 என்று தொடங்குபவர் சொல்லசை எழுத்தை நோக்கியும் செல்வர். இவ்விரு பட்டியல்களிலிருந்தும் அழகிய வரைபடங்களை வரையலாம். படத்தின் அழகு பட்டியலின் சரியான தன்மைக்குச் சான்றாகாது.

வரைபடமும் விவாதமும்

2009 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா, ஹிருஷிகேஷ் ஜோகலேகர், ஆர். அதிகாரி, ஐராவதம் மகாதேவன் ஆகியோர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஒரு குறியை அறிந்தபின் அடுத்த குறியை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை அளக்கும் 'நிபந்தனை என்ட்ரோபி' என்னும் அளவை அவர்கள் கையாண்டனர். அடுத்த குறி இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்லமுடிந்தால் அளவு குறைவாகவும், எதுவும் வரலாம் என்றால் மிகுதியாகவும் இருக்கும். மொழிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. சுமேரியம், பழந்தமிழ், இருக்குவேத சமற்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றோடும், மரபணுத் தொடர், புரதத் தொடர், கணிப்பொறி நிரல்மொழி ஆகியவற்றோடும் சிந்துவெளிக் குறிகள் ஒப்பிடப்பட்டன. சிந்துவெளிக் குறிகளின் கோடு மொழிகளின் கோடுகளோடு நெருங்கி அமைந்தது.

இவ்வொரு வரைபடம் உலகெங்கும் செய்தியாயிற்று. சிந்துவெளிக் குறிகள் எழுத்தே என்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டதாகச் செய்திகள் பரவின. கட்டுரையாளர்கள் கூறியதோ அளவானது: மொழிக்குரிய ஒழுங்கு என்னும் கருத்துக்கு இது துணைசெய்யும் சான்று என்பதே. ஸ்புரோட் 2010-இல் எழுதிய மறுப்பில், வரைபடத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் செயற்கையாக உருவாக்கப்பட்ட தொடர்களைக் கொண்டவை என்று சுட்டினார். மொழியல்லாத உண்மையான குறியீட்டு முறைகளும் அதே இடைப்பகுதியில் அமையக்கூடும் என்பது அவர் வாதம். ராவ் குழுவினர் அதே ஆண்டில் விடையளித்தனர். இவ்வொற்றுமை தனித்து நின்று மெய்ப்பிக்கும் சான்றன்று; எழுத்தின் பிற இயல்புகளோடு சேர்த்து எடைபோடத்தக்கது என அவர்கள் விளக்கினர். விவாதம் 2014, 2015 ஆண்டுகளிலும் மொழியியல் இதழில் தொடர்ந்தது.

இவ்விவாதத்தில் மற்றொரு செய்தி பெரிதும் கவனிக்கப்படவில்லை. அவ்வரைபடத்திற்கு மகாதேவனின் முழுத்தொகுப்பு பயன்படுத்தப்படவில்லை. சிதைந்தவை, ஐயத்திற்குரியவை, ஒரே பக்கத்தில் பல வரிகளாக அமைந்தவை ஆகிய பொறிப்புகள் நீக்கப்பட்டன. மீண்டும் மீண்டும் வரும் பொறிப்புகள் ஒருமுறை மட்டும் கொள்ளப்பட்டன. எஞ்சியவை 1548 பொறிப்புகள். அவற்றில் வரும் குறிகள் 377. அதாவது 417 குறிகளில் 40 குறிகள் தரவைத் தூய்மைசெய்யும் நிலையிலேயே விடுபட்டன. இந்நீக்கத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றை வெளிப்படையாகவே எழுதியுள்ளனர். ஆனால், நாளிதழில் வரைபடத்தைக் கண்டவருக்கு அச்செய்தி எட்டவில்லை. கட்டுரையையும் தொடரடைவையும் ஒருங்கே வைத்துப் படித்தவர்களே அதனை எடைபோட முடிந்தது.

இணையத்தில் தொடரடைவு

சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007-இல் சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மகாதேவன் 2018 நவம்பர் 26-ஆம் நாள் மறையும்வரை அம்மையத்தோடு இணைந்து பணியாற்றினார். 1977 தொகுப்பைத் தேடத்தக்க வடிவில் இணையத்தில் வழங்கும் பணியை அம்மையம் செய்துள்ளது. வெல்ஸும் ஆந்திரேயாஸ் ஃபுல்ஸும் உருவாக்கிய மற்றொரு இணையத் தொகுப்பும் உள்ளது. அச்சுநூலில் ஒரு குறியின் வருகைகளைத் தொகுக்கப் பல பக்கங்களைப் புரட்டிய ஆய்வாளர், இன்று அதனை நொடிகளில் பெறமுடிகிறது. அரிதாகக் கிடைக்கும் ஓர் அச்சுநூலைத் தேடி நூலகம் நூலகமாக அலையும் நிலையும் குறைந்துள்ளது.

இணையத் தொகுப்புக்கு அச்சுநூலில் இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. 1977 நூலின் எண் என்றும் மாறாது. 342 என்றால் எல்லோருக்கும் குடவடிவக் குறியே. இணையத்தில் தரவு திருத்தப்படும்; புதியவை சேரும். தோலாவிராவில் கிடைத்த பத்துக் குறிகள் கொண்ட பெரும் பலகைப் பொறிப்பு போன்றவை 1977-க்குப் பின் வந்தவை. அவை சேர்வது இயல்பே. ஆனால், எந்நாளில் எது மாறியது என்னும் குறிப்பு இல்லையெனில், பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் எண்ணிய எண்ணிக்கையை இன்னொருவர் சரிபார்க்க இயலாது. மேலும், சிந்துவெளிக் குறிகள் ஒருங்குறியில் இன்னும் இடம்பெறவில்லை. ஒவ்வொரு தொகுப்பும் தனக்குரிய எண்களையே வழங்குகிறது. ஆதலால், ஒரு பட்டியலின் எண்ணை மற்றொரு பட்டியலின் எண்ணோடு பொருத்திக் காட்டும் அட்டவணை இன்றியமையாதது.

தமிழகக் கீறல் குறிகள்

இவ்வரலாறு தமிழாய்வாளர்க்குத் தொலைவிலுள்ள ஒன்றன்று. பெருங்கற்காலப் பானையோட்டுக் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட பி.பி. லால், அவற்றில் 89 விழுக்காடு அரப்பா, செம்புக்காலக் குறிகளிலிருந்து வழிவருவன என்று 1960-இல் எழுதினார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, கா. ராஜன், ரா. சிவானந்தம் ஆகியோரின் ஆய்வை வெளியிட்டது. 140 இடங்களில் கிடைத்த 15,184 கீறல் பானையோடுகள் அதில் தொகுக்கப்பட்டன. குறிகள் 42 அடிப்படைக் குறிகள், 544 வேற்றுவடிவங்கள், 1521 கூட்டுவடிவங்கள் என வகைப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் குறிகளுக்குச் சிந்துவெளியில் இணை காணப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசளிக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் அதே மாதத்தில் அறிவித்தார்.

இத்தொகுப்பு அளவிலும் முறையிலும் பெரும்பணி. இதன் பயன் முழுமையாக விளையவேண்டுமெனில், விழுக்காட்டைவிட அதன் பின்னுள்ள தரவே முதன்மை பெறவேண்டும். ஒப்புமையின் விழுக்காடு அடிப்படைக் குறிகளைக் கொண்டு கணக்கிடப்படும்போது ஒருவகையாகவும், வேற்றுவடிவங்களையும் சேர்க்கும்போது வேறுவகையாகவும், பானையோடுகளின் எண்ணிக்கையைக் கொள்ளும்போது மற்றொருவகையாகவும் அமையும். கூட்டல் குறி, வட்டம், ஏணி, இணைகோடு முதலிய எளிய வடிவங்கள் தொடர்பில்லாத பண்பாடுகளிலும் தோன்றும். எனவே, தொடர்பில்லாத ஒரு குறியீட்டு முறையோடும் இதே ஒப்பீட்டைச் செய்து, அங்கு எத்தனை விழுக்காடு இணை கிடைக்கிறது என்று காட்டினால்தான் எஞ்சிய ஒற்றுமையின் வலிமை விளங்கும். கீறல்கள் பெரும்பாலும் தனிக்குறியாகவோ சில குறிகளாகவோ வருவதால், வடிவ ஒற்றுமையோடு வரிசை ஒற்றுமையும் இருக்கும் இடங்கள் தனிக்கவனம் பெறவேண்டும். ஒவ்வொரு ஓட்டின் ஒளிப்படம், கோட்டுருவம், கிடைத்த ஊர், மண்ணடுக்கு, காலக்கணிப்பு, வழங்கப்பட்ட குறியெண் ஆகியவை ஒருங்கே இணையத்தில் தேடத்தக்கதாக அமையுமானால், ஒப்புமையை ஏற்போரும் ஐயுறுவோரும் ஒரே சான்றின்மேல் நின்று வாதிடமுடியும்.

முடிவுரை

ஹண்டரின் அட்டவணை முதல் இன்றைய இணையத் தொகுப்பு வரையிலான வளர்ச்சியில் கருவிகள் பலமுறை மாறியுள்ளன. மாறாமல் நின்ற நெறி ஒன்று உண்டு: தரவையும் அதற்குத் தரும் விளக்கத்தையும் வேறுவேறாக வைத்தல். மகாதேவன் தம் கருத்தைத் தொடரடைவிலிருந்து விலக்கி வைத்ததால், அவர் கருத்தை ஏற்காதவர்க்கும் அந்நூல் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பயன்பட்டு வருகிறது. வரைபடம் ஒரு முடிவை விரைவில் உணர்த்தும்; அம்முடிவைச் சரிபார்க்கத் தொடரடைவே உதவும். ஆதலின், ஆய்வை வரைபடமாக வெளியிடுவோர், அதற்கு அடிப்படையான தரவையும், நீக்கியவற்றின் பட்டியலையும், குறிகளைப் பிரித்த நெறியையும் உடன் வெளியிடுதல் கடமையாகும்.

சங்க இலக்கியச் சொற்பங்கீடு, ஊர்ப்பெயர் நிலப்படம், கல்வெட்டுத் தரவு எனத் தமிழாய்வின் பிற துறைகளிலும் இக்கருவிகள் இன்று நுழைந்துவருகின்றன. பாடவேறுபாட்டில் எது கொள்ளப்பட்டது, சொல் எங்குப் பிரிக்கப்பட்டது, காலம் எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பவை அங்கும் படத்திற்குப் பின்னே மறைந்து நிற்கும் முடிவுகளே. தமிழின் தொன்மை குறித்த செய்திகள் மக்களிடையே மிக விரைந்து பரவும் இக்காலத்தில், சரிபார்க்க இயலாத ஒரு படம் பின்னாளில் பிழையென்று காட்டப்படுமானால், அதனோடு உண்மையான சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். அவ்விழப்பு நேராமல் காப்பதற்கு, எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க தரவை முன்வைப்பதே வழியாகும்.